சம்மர் கேம்ப் கவுன்சலர் வேலை: எந்த கேம்ப் உங்களுக்கு ஒத்துவரும்?

கல்லூரி விடுமுறையில் சம்மர் கேம்ப்பில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கவுன்சலராகப் போகலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் இடத்தைத் தேர்வு செய்கிறார்கள். ஏரி, படகு, இரவில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்ட இளைஞர் கூட்டம். எல்லா கேம்ப்களும் இதே படங்களைத்தான் போடுகின்றன. அதை வைத்து ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவே முடியாது. அடுத்ததாகப் பார்ப்பது சம்பளம். அதுவும் சரியான அளவுகோல் இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. ராத்திரியிலும் பிள்ளைகள் உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டுமா, வேண்டாமா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி முடிவு ஆனமாதிரிதான். பகல் முழுக்கப் பிள்ளைகளோடு சிரித்துப் பேசி ஆடிப்பாடுகிறவர்கள் நிறைய பேர் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குத் தட்டி எழுப்பிய பிறகும் முகம் சுளிக்காமல் இருப்பவர்கள் அவர்களில் கொஞ்சம் பேர்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தூக்கம் கெட்டால் சிடுசிடுக்கிற நல்ல மனிதர்கள் எத்தனையோ பேர்.

மொத்தத்தில் நான்கு வகை வேலை இருக்கிறது: பிள்ளைகளோடு கேபின் என்கிற சிறு குடிலில் தங்கும் கேம்ப், மாலையில் வீடு திரும்பும் பகல் கேம்ப், இசை, விளையாட்டு, கம்ப்யூட்டர் என்று ஒரே துறைக்கான கேம்ப், நோயோ உடல் குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்கான மருத்துவ கேம்ப். சம்மர் கேம்ப் என்கிற வழக்கம் ஆழமாக வேரூன்றிய நாடு அமெரிக்கா. 1861இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் வில்லியம் கன் என்ற பள்ளித் தலைவர் தன் மாணவர்களைக் கடற்கரைக்கு நடத்தியே கூட்டிப்போய் இரண்டு வாரம் தங்கவைத்தார். முதல் சம்மர் கேம்ப் என்று பொதுவாகச் சொல்வது அதைத்தான். எழுதிவைத்த விதிகளும் அங்கேதான் அதிகம் என்பதால், கீழே வரும் எண்களும் சட்டங்களும் அந்த நாட்டுடையவை.

தங்கும் கேம்ப்

இது பிள்ளைகளோடு குடித்தனம் நடத்துகிற வேலை. ஒரு கேபின், அடுக்குக் கட்டில்கள், எட்டோ பத்தோ பிள்ளைகள், அதே கூரைக்குக் கீழே நீங்களும் இன்னொரு கவுன்சலரும். காலையில் எழுப்புவது, பல் தேய்த்தார்களா என்று பார்ப்பது, ஈரத் துண்டைச் சுருட்டிப் பெட்டிக்குள் திணிக்காமல் காயப்போட வைப்பது, சாப்பாட்டு மேசையில் யார் தட்டைத் தொடவே இல்லை என்று கவனிப்பது, காட்டுக்குள் நடந்துவிட்டு வந்தால் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்வது, வீட்டுக்கு நாலு வரி கடிதம் எழுத வைப்பது. படகு, வில்வித்தை, தீமூட்டிப் பாட்டு எல்லாம் இதற்கு நடுவில் கிடைக்கிற சந்தோஷங்கள்.

ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதற்குக் கணக்கு உண்டு. 1910இல் தொடங்கிய அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷனின் தர விதிப்படி, தங்கும் கேம்ப்பில் 6 முதல் 8 வயதுவரை ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 14 வரை எட்டுக்கு ஒருவர், 15 முதல் 18 வரை பத்துக்கு ஒருவர். பகல் கேம்ப்பில் இதே வயதுகளுக்கு எட்டு, பத்து, பன்னிரண்டு. இந்தச் சங்கத்தின் அங்கீகாரம் வாங்குவது கேம்ப்பின் விருப்பம்தான், கட்டாயம் இல்லை. அதனால் நீங்கள் போகிற இடத்தில் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். இருந்தாலும் கூட இன்னொன்றைக் கேளுங்கள்: கூட இருக்கும் கவுன்சலர் விடுப்பில் போகிற நாளில் அவருக்குப் பதில் யார் வருவார்? தாளில் இருக்கிற விகிதமும் கேபினில் நடக்கிற விகிதமும் பிரிவது அந்த நாட்களில்தான்.

ராத்திரியைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிட்டான் என்று வையுங்கள். அவன் எழுந்து வந்து சொல்லவே மாட்டான். போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, விழித்தபடி, அசையாமல் கிடப்பான். விடிந்தால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் அவன் பயம். விவரம் தெரிந்த கவுன்சலர் விளக்கைப் போடமாட்டார். டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்து, மாற்று உடையும் காய்ந்த போர்வையும் எடுத்துக் கொடுப்பார். நனைந்ததை ஒரு பைக்குள் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, மற்றவர்கள் காலை உணவுக்குப் போன பிறகு துவைக்க அனுப்புவார். மெத்தை ஈரம் யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்றால், காலையில் 'தெரியாமல்' தன் தண்ணீர் பாட்டிலை அந்தக் கட்டிலில் சாய்த்துவிட்டு, 'ஐயோ, என் கை இருக்கே' என்று தன்னையே திட்டிக்கொள்ளும் கவுன்சலர்களும் உண்டு.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அநேகமாக எல்லா நல்ல கேம்ப்களிலும், பெரியவர் ஒருவர் பிள்ளை ஒன்றோடு யார் கண்ணிலும் படாத இடத்தில் தனியாக இருக்கக் கூடாது என்று விதி. பையனின் மானத்தையும் காப்பாற்ற வேண்டும், விதியையும் மீறக் கூடாது. அப்போது மற்ற கவுன்சலரை மெல்லத் தட்டி எழுப்பி வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, பையனைக் கழிப்பறைக்கு அனுப்ப வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இத்தனையும் ஞாபகம் வர வேண்டும். கத்துக்கொள்ள முடியாத விஷயம் இல்லை. ஆனால் இதைப் படிக்கும்போதே 'நமக்கு எதுக்கு இந்த வேலை' என்று தோன்றினால், அந்தத் தோன்றலை மதியுங்கள்.

அடுத்தது வீட்டு ஏக்கம். முதல் இரண்டு மூன்று ராத்திரிகளில் கேபினில் ஒருவராவது அழுவார்கள். பகலில் ஓடியாடும்போது மறந்திருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஓய்வு நேரத்திலும் விளக்கணைத்த பிறகும் கை சும்மா இருக்கும்போதுதான் பொங்கி வரும். 'அழக்கூடாது' என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. நாளைக்குக் காலையில் கொடியேற்ற எனக்கு ஒரு ஆள் வேண்டும், வர்றியா என்று கேட்டால் பாதி நேரம் வேலை நடந்துவிடும். சிக்கலான பிள்ளை யார் தெரியுமா? 'பிடிக்கலைன்னா ஒரு போன் போடு, வந்து கூட்டிட்டு வந்துடறேன்' என்று பெற்றோர் வாக்குக் கொடுத்து அனுப்பிய பிள்ளை. உளவியலாளர் கிறிஸ்டஃபர் தர்பரும் மருத்துவர் எட்வர்ட் வால்டனும் சேர்ந்து எழுதி, 2007இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் இதழில் வந்த அறிக்கை, இந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள் என்றே பெற்றோருக்குச் சொல்கிறது. 'உன்னால் அங்கே இருக்க முடியாது' என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புவதுபோல ஆகிவிடுகிறது அது. அந்த வாக்கோடு வந்த பிள்ளையிடம் நீங்கள் என்ன பேசினாலும் 'எப்ப போன் போடலாம்' என்றுதான் பதில் வரும்.

தங்கும் கேம்ப்களுக்குள்ளேயே இன்னொரு தேர்வு இருக்கிறது, அதைப் பற்றி யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு முறை பிள்ளைகள் மாறும் கேம்ப்பா, அல்லது ஏழெட்டு வாரமும் அதே பிள்ளைகள் இருக்கும் கேம்ப்பா? மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு வாரமும் முதல் ராத்திரி அழுகை, பெயர் மனப்பாடம், விதிகளைச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் முதலிலிருந்து. ஐந்தாவது வாரத்தில் உங்கள் ஜோக்கே உங்களுக்குப் புளித்துவிடும். அதே பிள்ளைகள் என்றால் உறவு ஆழமாகும், நீச்சல் தெரியாமல் வந்தவன் நீந்துவதைப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் கேபினில் ஒரு முரட்டுக் கோஷ்டி அமைந்துவிட்டால் கோடை முழுக்க அதே கோஷ்டிதான். முதல் தடவை போகிறவருக்கு நான் சொல்வது நடுவில் உள்ளது: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாறும் கேம்ப். தவறாக ஆரம்பித்த கேபினைச் சரிசெய்ய நேரமும் இருக்கும், முடிவும் கண்ணுக்குத் தெரியும்.

அணி பிரித்துப் போட்டி நடத்துவது தங்கும் கேம்ப்களின் பெரிய கொண்டாட்டம். அதில் கவுன்சலர் எவ்வளவு தூபம் போடுகிறாரோ அவ்வளவு எரியும். 1954இல் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் ஒக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் 22 பையன்களை இரண்டு அணியாகப் பிரித்துக் கேம்ப் நடத்தினார். பையன்களுக்கு அது சாதாரண கேம்ப். கூட இருந்த பெரியவர்கள் ஆய்வாளர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. போட்டி ஆரம்பித்ததும் கொடியை எரிப்பது, மற்றவர் கேபினுக்குள் புகுந்து கலைப்பது என்று போய்விட்டது. தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது, வண்டி கிளம்பவில்லை என்று இரண்டு அணியும் சேர்ந்தால் மட்டுமே தீரக்கூடிய பிரச்சினைகளை உண்டாக்கித்தான் சமாதானம் கொண்டுவந்தார்கள். இன்றைய கண்ணோட்டத்தில் அந்த ஆய்வின் நியாயத்தைப் பற்றி நிறைய கேள்விகள் உண்டு. கவுன்சலருக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் என்னவோ பழசாகவில்லை: போட்டி முடிந்த அன்றைக்கே இரண்டு அணியையும் கலந்து ஒரு வேலை கொடுங்கள்.

உங்கள் சொந்த நேரம் குறைவுதான். பல கேம்ப்களில் வேலை நேரத்தில் கவுன்சலரும் போனைத் தொடக் கூடாது. ராத்திரி முறை இல்லாத நாட்களில் கொஞ்ச நேரம், அவ்வப்போது ஒரு முழு நாள் விடுப்பு. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, தினமும் பேச வேண்டும், ஆன்லைனில் ஒரு பாடம் முடிக்க வேண்டும் என்கிற நிலை இருந்தால் தங்கும் கேம்ப் பக்கமே போகாதீர்கள்.

பகல் கேம்ப்

பகல் கேம்ப்பைச் சுலபமானது என்று நினைப்பவர்கள் அதில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். காலை எட்டரைக்குள் பஸ்ஸோ காரோ வந்து நிற்கும், மாலை நாலு நாலரை வரை ஓட்டம். ஒருவருக்குப் பிள்ளைகள் அதிகம், வெயில் அதிகம், ஓய்வு நேரம் என்று தனியாக ஒன்று இல்லாமலும் இருக்கலாம். தங்கும் கேம்ப்பில் மூன்றாம் நாள் பிள்ளைகள் கேம்ப் தாளத்துக்குப் பழகிவிடுவார்கள். இங்கே ஒவ்வொரு காலையும் புதிது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன், ராத்திரி பன்னிரண்டு மணிவரை டிவி பார்த்தவள், காலையில் சாப்பிடாமல் வந்தவன் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையைப் பத்து நிமிடத்தில் கேம்ப் மனநிலைக்குக் கொண்டுவருவது ஒரு தனித் திறமை.

இன்னொரு பெரிய வித்தியாசம் பெற்றோர். தங்கும் கேம்ப்பில் பெற்றோரோடு பேசுவது பெரும்பாலும் இயக்குநரின் வேலை. இங்கே தினமும் மாலை நீங்களே முகத்தைக் காட்ட வேண்டும். தொப்பி தொலைந்தது, முழங்காலில் சிராய்ப்பு, பக்கத்துப் பையன் கடித்தது எல்லாவற்றுக்கும் கேள்வி உங்களிடம்தான் வரும். சொல்வதைச் சுருக்கமாக, மழுப்பாமல், வீட்டுக்குப் போய்ப் பிள்ளை சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். இதில் தேறினால் பின்னாளில் ஆசிரியராகவோ மருத்துவராகவோ போகிறவருக்கு நல்ல பயிற்சி. தங்கும் கேம்ப்பில் இது கிடைக்காது.

மாலை அழைத்துப்போகும் நேரத்தைக் கொஞ்சம் பாருங்கள். கார்கள் வரிசையாக நிற்கின்றன. உங்கள் கையில் கிளிப் போட்ட தாள், அதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரே யார் யார் அழைத்துப்போகலாம் என்று எழுதியிருக்கிறது. ஒருவர் இறங்கி வந்து, 'நான் இவளோட மாமா, அவங்க அம்மாவுக்கு ஆபீஸ்ல லேட் ஆகுது' என்கிறார். சிறுமி 'மாமா!' என்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்கிறாள். தாளில் அவர் பெயர் இல்லை. பின்னால் ஆறு கார்கள் ஹாரன் அடிக்கின்றன. அனுப்பக் கூடாது. அவர் கோபப்படுவார், சிறுமி முகம் வாடும், பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். இருந்தாலும் அலுவலகத்திலிருந்து அம்மாவுக்குப் போன் போய் உறுதியாகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அன்புள்ள உறவினரை அவமதித்த மாதிரி இருக்கும். பிள்ளையைக் கூட்டிப்போகக் கூடாது என்று நீதிமன்றமே தடுத்த உறவினரும் இதே மாதிரிதான் சிரித்துக்கொண்டு வருவார், அவரையும் பிள்ளை இதே மாதிரிதான் கட்டிக்கொள்ளும். இருபது வயதில் ஒரு பெரியவரிடம் மரியாதை குறையாமல் 'முடியாது' என்று சொல்ல வருமா? வராது என்றால் பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

பகல் கேம்ப்பின் உண்மையான லாபம் மாலைப்பொழுது. குளித்துவிட்டு நண்பர்களைப் பார்க்கலாம், படிக்கலாம், தூங்கலாம். இழப்பும் அதிலேதான். கேபினில் விளக்கணைத்த பிறகு இருட்டில் பிள்ளைகள் பேசுகிற பேச்சு பகலில் வராது. யார் கூப்பிட்டு என்ன சொல்லி மிரட்டினார்கள், அப்பா ஏன் வீட்டில் இல்லை என்பதெல்லாம் அந்த நேரத்தில் வரும். பிள்ளைகளை அந்த அளவுக்கு அறிய வேண்டும் என்ற ஆசையால்தான் இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்றால் பகல் கேம்ப் உங்களுக்குப் பாதிச் சாப்பாடு போட்டு எழுப்பிவிட்டதுபோல இருக்கும்.

இரண்டு கேம்ப்புக்கும் பொதுவான ஒன்று: பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைப் பற்றி ஏதாவது சொன்னால், 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் கேம்ப் ஊழியர் அதை அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

பணம்

அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் நலச் சட்டம் குறைந்தபட்ச ஊதியத்தையும் கூடுதல் நேர ஊதியத்தையும் உறுதிசெய்கிறது. ஆனால் ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத கேம்ப்களுக்கு அதில் விலக்கு உண்டு. மணிக்கு 7.25 டாலர் என்று 2009 முதல் இருக்கும் மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் அவற்றுக்குப் பொருந்தாது. சில மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் வேறு மாதிரி வைத்திருக்கின்றன. இதனால்தான் தங்கும் கேம்ப்கள் மணிக் கணக்கு இல்லாமல் கோடைக்கு இவ்வளவு என்று ஒரு மொத்தத் தொகையைப் பேசுகின்றன. ஊராட்சியோ பள்ளியோ நடத்தும் பகல் கேம்ப்களில் மணிக் கணக்கில் சம்பளம் கிடைப்பது சகஜம்.

தொகையை மணியால் வகுத்துப் பார்த்தால் தங்கும் கேம்ப் அடிமாட்டு விலைக்குப் போகும். ஆனால் அந்த வகுத்தல் சரியான கணக்கு இல்லை. தங்குமிடமும் மூன்று வேளைச் சாப்பாடும் அவர்களுடையது, செலவழிக்கக் கடையும் பக்கத்தில் இருக்காது. கோடை முடிவில் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள். பெற்றோர் வீட்டில் இருப்பவருக்குப் பகல் கேம்ப்பில்தான் அதிகம் மிஞ்சும். விடுமுறையில் தனியாக அறை எடுத்துத் தங்க வேண்டியவர், அந்த அறையைக் காலி செய்துவிட்டுத் தங்கும் கேம்ப்புக்குப் போனால் மிச்சம். அறை வாடகையையும் கட்டிக்கொண்டே போகிறவருக்குத்தான் இரண்டு பக்கமும் அடி.

பதினாறு, பதினேழு வயதுக்காரர்களுக்குப் பயிற்சிக் கவுன்சலர் என்று ஓர் இடம் உண்டு. அதில் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, பல இடங்களில் நாமே கட்டணம் கட்ட வேண்டும். அடுத்த வருடம் அதே கேம்ப்பில் வேலைக்கு எடுப்பார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ஒரே துறைக்கான கேம்ப்

மிச்சிகனில் 1928இல் ஆரம்பித்த இன்டர்லாகன் இசை கேம்ப், அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் 1982இல் ஆரம்பித்த ஸ்பேஸ் கேம்ப் மாதிரியானவை இந்த வகை. கையில் ஒரு வித்தை இருக்கிறவருக்கு இது இயல்பாகவே கவர்ச்சியாகத் தெரியும். எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. உங்கள் வித்தையில் நீங்கள் கெட்டிக்காரர் என்பதும், அதன் முதல் பாடத்தை ஒரு நாளைக்கு ஐந்து முறை அதே உற்சாகத்தோடு எடுப்பீர்கள் என்பதும் ஒன்றல்ல. பொது கேம்ப்பில் ஒரு நடவடிக்கைக்கு மட்டும் பொறுப்பாளராகச் சேர்வதிலும் இதே கதைதான். அங்கே கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும்: ராத்திரி கேபினிலும் படுக்க வேண்டுமா? 'கயாக் படகு மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்' என்று நினைத்துப் போய், படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

நீச்சல் நன்றாக வரும் என்றால் உயிர்காப்பாளர் சான்றிதழ் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கப் பயிற்சியில் 15 வயதிலிருந்து சேரலாம், சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். இது இருந்தால் எந்த கேம்ப்பும் கூப்பிட்டுப் பேசும். ஆனால் அந்த வேலை அலுப்பும் பயமும் கலந்தது. தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும், பிள்ளைகளோடு விளையாட முடியாது. ஜோடி முறை வைத்திருக்கும் கேம்ப்பில் விசில் ஊதியதும் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஜோடியின் கையைப் பிடித்து உயர்த்தும், எண்ணிக்கை சரியாக வரும்வரை யாரும் அசையக் கூடாது. அந்த முறை இல்லாத ஏரியில் உயிர்காப்பாளராகச் சேராதீர்கள்.

மருத்துவ கேம்ப்

இதை எல்லோரும் கடைசியாக யோசிக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்களுக்கானது என்று ஒரு பயம். நான் இதை மாற்றிச் சொல்வேன்: எதில் சேர்வது என்று குழம்புகிறவர் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மனிதர்களுக்கு இன்சுலின் கொடுக்க ஆரம்பித்தது 1922இல். மூன்றே வருடத்தில், 1925இல், மிச்சிகனில் லெனர்ட் வென்ட் என்ற மருத்துவர் நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கு கேம்ப் ஆரம்பித்துவிட்டார். நடிகர் பால் நியூமன் புற்றுநோய் போன்ற கடும் நோயுள்ள பிள்ளைகளுக்காக 1988இல் கனெக்டிகட்டில் ஆரம்பித்த ஹோல் இன் த வால் கேங் கேம்ப்பில் குடும்பங்களிடம் பணமே வாங்குவதில்லை. இம்மாதிரி கேம்ப்கள் பெரும்பாலும் ஒரு வார அளவில் நடக்கின்றன, தன்னார்வலர்களை எடுக்கின்றன, ஒரு பிள்ளைக்கு இத்தனை பெரியவர்கள் என்கிற விகிதம் மற்ற கேம்ப்களைவிட நன்றாக இருக்கும். செவிலியரும் மருத்துவரும் அங்கேயே இருப்பார்கள். உங்களைத் தனியாக விடமாட்டார்கள் என்பதுதான் முக்கியம்.

நீரிழிவு கேம்ப்பில் ராத்திரியிலும் சர்க்கரை அளவைப் பார்ப்பார்கள். பகல் முழுக்க ஓடிய பிள்ளைக்கு நடுராத்திரியில் சர்க்கரை இறங்கலாம். இறங்கினால் சீக்கிரம் செரிக்கும் மாவுச்சத்து 15 கிராம், பழச்சாறாகவோ குளுக்கோஸ் மாத்திரையாகவோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது வழக்கம். கவுன்சலர் அந்தப் பதினைந்து நிமிடமும் கட்டிலருகே உட்கார்ந்திருப்பார். பிள்ளை பாதித் தூக்கத்தில் சாறு குடித்துவிட்டு, 'என் பள்ளியில எனக்கு மட்டும்தான் இது, இங்க எல்லாருக்கும் இருக்கு' என்கிற மாதிரி ஏதாவது சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கும். ராத்திரி வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டால் ஒரு கோடை வீணாகாது.

குறை என்னவென்றால் பணம் வராது, மனசு கனக்கும். தனக்கு நெருக்கமான யாரையாவது சமீபத்தில் நோய்க்குப் பறிகொடுத்தவர் இந்த வருடம் இதைத் தள்ளிப்போடலாம்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்

அமெரிக்காவுக்கு வெளியே இருந்து கவுன்சலராகப் போக, பண்பாட்டுப் பரிமாற்றத்துக்கான ஜே-1 விசாவில் தனிப் பிரிவு உண்டு. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், ஆங்கிலம் பேச வேண்டும், அதிகபட்சம் நான்கு மாதம். அரசு அங்கீகரித்த ஏற்பாட்டு நிறுவனம் வழியாகத்தான் போக முடியும். இந்தப் பிரிவில் வருபவரைச் சமையலுக்கோ பாத்திரம் கழுவவோ வைக்கக் கூடாது, அதே வேலை செய்யும் அமெரிக்கருக்குக் கொடுக்கிற அளவுக்குச் சம்பளமும் சலுகையும் தர வேண்டும் என்று விதி சொல்கிறது. கேம்ப்பின் சமையலறை வேலைக்கு எடுப்பது வேறொரு பிரிவு, அதற்குக் கல்லூரி மாணவராக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவு என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நிறுவனக் கட்டணம், விமானம், விசா எல்லாம் கழித்தால் முதல் வருடம் பெரிதாக மிஞ்சாது. அதனால் பணத்துக்காகப் போகிறேன் என்பவர் இதைத் தவிர்க்கலாம். பகல் கேம்ப் என்றால் தங்க இடம் யார் கொடுப்பார் என்ற கேள்வி உடனே வரும் என்பதால் இவர்களுக்குத் தங்கும் கேம்ப்தான் நடைமுறைக்கு ஒத்தது.

என் தீர்ப்பு

தூக்கம் கெட்டாலும் மனசு கெடாதவர், வீட்டை விட்டு வர முடிந்தவர், பிள்ளைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வருபவர்: தங்கும் கேம்ப், இரண்டு வாரப் பிரிவுகள் உள்ளதாக. இரவில் தனக்கென்று நேரம் வேண்டும், பெற்றோர் வீட்டில் இருக்கிறேன், பணமும் சேர வேண்டும் என்பவர்: பகல் கேம்ப், யோசிக்கவே வேண்டாம். எது என்று தெரியாதவர்: ஒரு வாரம் மருத்துவ கேம்ப்பில் தன்னார்வலர், மீதி நாள் பகல் கேம்ப். ஒரே துறை கேம்ப்பை முதல் வருடத்துக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை, அவர் ஏற்கனவே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துப் பழகியவராக இல்லாவிட்டால்.

நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். ராத்திரி முறை எப்படி மாறும்? பிள்ளை ஒருவன் இன்னொருவனை அடித்தால் நான் என்ன செய்ய வேண்டும், உங்களிடம் எப்போது வர வேண்டும்? ஆரம்பப் பயிற்சி எத்தனை நாள், அதற்குச் சம்பளம் உண்டா? போன வருடக் கவுன்சலர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்லி, அவர்களில் ஒருவரோடு பேசவும் ஏற்பாடு செய்கிற இயக்குநர் என்றால் நம்பலாம். உங்கள் பின்னணியைச் சரிபார்க்காமலே வேலை கொடுக்கிற கேம்ப் உங்களுக்கு வசதியாகத் தெரியலாம். மற்ற ஊழியர்களையும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பங்களைக் குளிர்காலத்திலேயே வாங்க ஆரம்பித்துவிடுவார்கள், நல்ல இடங்கள் வசந்தம் வருவதற்குள் நிரம்பும். தாமதமாகிவிட்டது என்றால் மே மாதக் கடைசியில் பிடித்த கேம்ப்புக்கு நேராகப் போன் போட்டுக் கேளுங்கள். ஒப்புக்கொண்டவர்களில் யாராவது கடைசி நேரத்தில் விலகுவது எல்லா வருடமும் நடக்கிறது, அப்போது இயக்குநருக்கு அவசரமாக ஆள் தேவைப்படும்.